லுண்டீன் கவுண்டியின் நானூற்று ஒன்றாவது ஆள்

லுண்டீன் கவுண்டி, நெப்ராஸ்கா,
மார்ச் 19.

மதிப்பிற்குரிய மச்சான் டெல்மர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் வீட்டுக்காரன் வெண்டல் க்ராஸ்மையர் எழுதிக்கொள்வது. இங்கே நான், மாடுகள், காற்று எல்லோரும் நலம். ஒமாஹாவில் தாங்களும் தங்கள் புது இடுப்பெலும்பும் நலமா? தங்கள் தங்கை ஆர்லிஸின் நலம் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பத்து நாளாக அவள் லுண்டீன் கவுண்டியில் தூங்குகிறாள், நான் கெட்டில் கவுண்டியில் தூங்குகிறேன். பதற வேண்டாம், நடுவில் ஒரு கதவுதான் இருக்கிறது.

தாங்கள் பிறந்த வீடு என்பதால் தங்களுக்கே தெரியும், இரண்டு கவுண்டிக்கும் எல்லை நம் சமையலறை ஜன்னலை ஒட்டித்தான் போகிறது. படுக்கையறை எங்கள் பக்கம், சோபா கிடக்கும் கூடம் அவர்கள் பக்கம். இத்தனை வருடம் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. போன வாரம் தங்கள் தங்கை, “இது மூக்கா, பஞ்சர் ஆன டிராக்டரா? எடுய்யா தலகாணிய, போய் சோபாவுல கெட!” என்று கூடத்துக்குத் துரத்திவிட்டாள். நானும் ரோஷமாகப் போய்ப் படுத்துவிட்டேன். மறுநாள் காலை மக்கள்தொகைக் கணக்குத் தாளோடு வந்து நின்றாள் இர்மா. நம் கவுண்டிக்குக் குமாஸ்தா, தபால்காரி, சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள் எல்லாம் அவள் ஒருத்திதானே. எழுநூறு சதுர மைலுக்கு நானூறு சொச்சம் ஆட்கள் என்றால் அப்படித்தான் இருக்கும். சதுர மைலுக்கு அரை ஆள் விழுகிறது. அந்த அரை ஆள் யார் என்று கேட்டால் ஊரே நம் கவுண்டியை நிர்வகிக்கும் கமிஷனர் ஹார்லோவைக் காட்டும்.

சோபாவில் கிடந்த தலையணையைப் பார்த்ததும் இர்மாவின் முகம் மாறிவிட்டது. “அண்ணே, தூங்குற இடம்தான் கணக்கு. இதுலயே தூங்கினா உங்கள கெட்டில்காரர்னுதான் எழுதணும்” என்றாள். முப்பத்து நான்கு வருடம் லுண்டீனின் மண் பாதையெல்லாம் கிரேடர் மெஷின் ஓட்டிச் சீவிச் சமன் செய்தவனைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை! எதிரே வண்டி வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்வது மனிதப் பண்பு. இரண்டு விரலைத் தூக்கும் பகட்டுக்காரர்கள் கெட்டில்காரர்கள். நான் அந்தக் கூட்டமா?

இதில் என் மானம் மட்டும் இல்லை மச்சான். இரண்டு கவுண்டிக்கும் சேர்த்து இருப்பதே ஒரு கிரேடர். கணக்கெடுப்பில் எந்தக் கவுண்டியில் தலை அதிகமோ அங்கேதான் மெஷின் பத்து வருடம் நிற்கும், அவர்கள் பாதையில்தான் முதலில் பனி தள்ளும் என்பது தாத்தாக்கள் போட்ட ஒப்பந்தம். இர்மாவின் கணக்குப்படி நான் கட்டிலில் படுத்தால் நாங்கள் நானூற்று ஒன்று, அவர்கள் நானூறு. சோபாவில் படுத்தால் அப்படியே தலைகீழ். ஆகப் பத்து வருடத்துப் பனியும் என் மூக்கில் வந்து நிற்கிறது.

நானும் சும்மா இருக்கவில்லை. மூக்கில் துணி மாட்டும் கிளிப்பைப் போட்டுப் பார்த்தேன். வாய் அதற்கும் சேர்த்துக் குறட்டை விட்டதாம். சோபாவையே எல்லை தாண்டித் தள்ளிவிடலாம் என்று பார்த்தால் அது படுக்கையறை வாசலில் சிக்கிக்கொண்டது. தலை லுண்டீனில், கால் கெட்டிலில். “தலை இருக்கற இடம்தான்ணே கணக்கு, அப்படியே இருங்க” என்று இர்மா சந்தோஷப்பட்டாள். ஆனால் உள்ளே மாட்டிக்கொண்ட தங்கள் தங்கை என் வயிற்றை மிதித்துத்தான் சமையலறைக்குப் போனாள், அதுவும் இரண்டு தடவை. இரண்டாவது தடவை போக அவளுக்கு அங்கே ஒரு வேலையும் இருந்ததாகத் தெரியவில்லை. கடைசியில் ஹார்லோ ஒரு ஆப்பிள் பலகாரமும் இரண்டு பெரியவர்களுமாகச் சமாதானம் பேச வந்தார். நான் சோபாவில் மத்தியானத் தூக்கம். அவர் பேச்சை ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தி, “யாரு அங்க கிரேடர ஸ்டார்ட் பண்ணது?” என்று வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தாராம். ஆர்லிஸ், “அந்த மெஷின்தான் உள்ள வரணும்னு நீங்க கேக்க வந்திருக்கீங்க. பலகாரத்த வச்சிட்டுக் கெளம்புங்க” என்று அனுப்பிவிட்டாள்.

தாங்கள் சொன்னால் மட்டும்தான் அவள் கேட்பாள். ஒரு வரி எழுதுங்கள். கவுண்டிக்காக என்று எழுதவும், எனக்காக என்றால் எடுபடாது. தங்களிடம் மறைப்பானேன், நாற்பத்தோரு வருடம் அவள் முதுகைப் பார்த்துத் தூங்கியவனுக்குக் கதவைப் பார்த்தால் தூக்கம் வரவில்லை. ஒரு ஆள் குறைந்தது லுண்டீனுக்கு இர்மா சொல்லித்தான் தெரிந்தது, எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.

தங்கள் இடுப்பெலும்பு நூறாண்டு உழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
லுண்டீன் மண்ணின் உண்மை ஊழியன்,
வெண்டல்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் எல்லாம் கவிழ்ந்துவிட்டது. இர்மா ஒரு சர்வேயரைக் கூட்டிவந்து அளந்துவிட்டாள். எல்லை வீட்டுக்குள் வரவே இல்லை. அது கோழிக்கூட்டின் சுவரோடு போகிறது. கூடு மட்டும் லுண்டீன், வீடு மொத்தமும் கெட்டில்! தப்பு என்னுடையதுதான். கிரேடரோடு நான் கோழிக்கூட்டுப் பக்கத்திலேயே திரும்பியிருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முந்தைய அந்த வயதில் சமையலறை ஜன்னல் வழியாகத் தங்கள் தங்கை காபி நீட்டுவாள் என்று எண்பது அடி தள்ளிப் போய்த் திரும்பினேன். மெஷின் திரும்பும் இடம்தான் எல்லை என்று தங்கள் அப்பா உட்பட ஊரே நம்பிவிட்டது.

இதற்கிடையில் லுண்டீன் பக்கத்து நீல்சன் வீட்டில் இரட்டைக் குழந்தைகள் பிறந்திருக்கின்றன. இப்போது நாங்கள் இருவரும் வீட்டில் தூங்கினால் லுண்டீன் நானூற்று ஒன்று, கெட்டில் நானூற்று இரண்டு. நான் ஒருவன் கோழிக்கூட்டுக்குப் போனால் லுண்டீன் ஜெயித்துவிடும். ஹார்லோ மடக்குக் கட்டிலோடு வந்துவிட்டார். “பத்து வருஷப் பனி வெண்டல், கொஞ்சம் யோசிப்பா” என்று கண் கலங்கினார். நானும் தலையணையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அப்போது படுக்கையறைக் கதவு திறந்தது.

“பத்து நாளா வெறும் காத்துச் சத்தம். பொட்டுத் தூக்கமில்ல எனக்கு. உள்ள வரியா, இல்ல கோழியோட போறியா?” என்றாள் ஆர்லிஸ்.

ஹார்லோவிடம் கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தாங்கள் ஒன்றும் எழுத வேண்டாம், இதைப் படித்ததும் கிழித்துவிடவும். அடுத்த முறை வரும்போது வழியில் எதிரே ஒரு பழைய பிக்கப் வண்டியில் ஒரு கிழவன் இரண்டு விரலைத் தூக்கினால், அது நான்தான்.