பத்து லட்சம் ஆட்டமும் மாமா போட்ட மார்க்கும்

"கையைக் காட்டு! ரெண்டு கையையும்!"

மாமா கத்தினார். அக்கா காட்டினாள். ஒன்றுமில்லை. தலையணையைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை. அடுத்து என் சட்டைப்பையைத் தடவினார். நான் ஆட்டத்திலேயே இல்லை.

மாமா, அதாவது அக்கா புருஷன், சீட்டாட்டக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறார். போக்கரில் யார் கையிலிருக்கும் ஐந்து சீட்டு பெரியது என்று சொல்லும் ப்ரோக்ராம் எழுதியிருக்கிறார். நாளை முதலாளி பார்க்கிறார். சரியாக இருந்தால் வேலை நிரந்தரம். தப்பென்றால், பள்ளிக்கூடம் முடித்துச் சும்மா இருக்கும் எனக்குத் துணையாக அவரும்.

ப்ரோக்ராம் தப்பில்லாமல் ஓடின மிதப்பில்தான் அக்காவை ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். தோற்றவர் ஒரு மாதம் பாத்திரம் தேய்க்கணும். லேப்டாப்தான் நடுவர். மாமா ஜோடி பத்து இறக்கினார். அக்கா ஏஸ், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு இறக்கினாள். மாமாவுக்கே வெற்றி என்றது லேப்டாப். அக்கா செல்போனில் ஆட்ட விதியை நீட்டினாள். வரிசை ஜோடியை அடிக்கும். அக்கா சீட்டை ஒளித்திருக்கிறாளா என்றுதான் இந்தச் சோதனை.

"பத்து லட்சம் ஆட்டத்துல ஓட்டிப் பாத்தேன், ஒரு தப்பு இல்ல! நீதான் லேப்டாப்பைத் தொட்டிருக்க."

"அந்தப் பத்து லட்சத்துக்கும் சரியான விடை யாருங்க எழுதினது?"

"ப்ரோக்ராம்தான்."

"இதே ப்ரோக்ராமா?"

"பின்ன? உன் தம்பியா உக்காந்து எழுதுவான்?"

தானே பரீட்சை எழுதி, தானே திருத்தி, நூற்றுக்கு நூறு. அப்படியொரு பள்ளிக்கூடம் கிடைத்திருந்தால் நான்தான் முதல் மார்க்.

"ஏஸ் எப்பவும் ராஜாவுக்கு மேலதானே?" என்றார் மாமா.

"வரிசையில அது ஒண்ணாவும் வரும். உங்கள மாதிரிங்க. ஆபீஸ்ல ராஜாவுக்கு மேல. வீட்டுல ரெண்டுக்கும் கீழ."

மாமா கண்ணைச் சுருக்கினார். "அது எப்படி அந்த அஞ்சும் கரெக்டா உன் கைக்கு வந்துச்சு?"

"கட்டுலேர்ந்து நான்தான் பொறுக்கினேன்."

"பாத்தியாடா! ஏமாத்தினா ஆட்டமே செல்லாது!"

"இந்த வரிசையைப் போன வாரமே சொன்னேன், காதுல வாங்கலை. செல்லாதுன்னா விடுங்க. இந்த ப்ரோக்ராமை அப்படியே முதலாளிகிட்ட காட்டுங்க."

மாமா பாத்திரம் தேய்க்கப் போனார்.

திரும்பி வந்து ப்ரோக்ராமைத் திருத்தி ஓட்டினார். சுமார் ஐநூறு தப்பு!

"சரி பண்ணதும் தப்பு வருதே! ஃபைல்ல கை வச்சியா?"

"விடைதாங்க தப்பு, அது பழைய ப்ரோக்ராம் எழுதினது. ஆபீஸ்ல வேற ஒருத்தர்கிட்ட விடை எழுதி வாங்கி, அதோட ஒத்துப் பாருங்க."

"அவன் இதைத் தன் பேர்ல போட்டுக்குவான்."

"போட்டுக்கட்டும். வேலை முக்கியமா, பேர் முக்கியமா?"

"சரி சரி" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கூச்சல்.

"பத்து லட்சத்துலயும் ஒரு தப்பு இல்ல!"

வேறொருவர் எழுதின விடையோடு ஒத்துப் பார்க்கத்தான் அக்கா சொன்னாள். மாமா புது ப்ரோக்ராமையே புது விடை எழுத வைத்திருந்தார்.