பச்சைப்பிள்ளை கேட்ட பிரிண்டர் சந்தேகம்

இனி ஒரு பயல் தன் குழுவில் அசட்டுக் கேள்வி கேட்கக் கூடாது என்று அட்மின் காலையில் பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டார். கம்ப்யூட்டர் சந்தேகங்களுக்கான இணையக் குழு அது. ஆபீஸில் அவர் சாதாரண கிளார்க். குழுவில்தான் அட்மின். வீட்டில் என்ன என்பதைச் சொல்லாமல் விடுவதே மரியாதை.

‘புதியவர்கள் கேட்கும் முன் படிக்கவும்’ என்று குழுவின் உச்சந்தலையில் ஒரு பதிவை பின் பண்ணி வைத்திருந்தார். கட்டைவிரல் தேய்ந்தாலும் முடியாத நீளம். வருகிறவர்கள் அதைத் தாண்டிக் குதித்து, “வணக்கம், என் கம்ப்யூட்டர் ஆன் ஆகலை” என்றார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். மனைவி தையல்காரி. சட்டை வடிவங்களை அச்செடுத்துத் துணிமேல் வைத்து வெட்டுகிறவள்.

“ஏங்க, பிரிண்டர் பேப்பரைக் கடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது. கொஞ்சம் பாருங்களேன்.”

“குழுவுல பின் பண்ணியிருக்கேன். போய்ப் படி.”

“நான் குத்துற பின் துணியையாவது பிடிக்குது. உங்க பின் யாருக்குமே பிடிக்கலையே!”

அது சுருக்கென்று தைத்தது.

ஒருவனை எல்லார் முன்னாலும் நிறுத்தித் திட்டினால் மற்றவர்கள் திருந்துவார்கள். ஆனால் நிஜ ஆள் திருப்பித் திட்டுவான். ஆகவே ‘பச்சைப்பிள்ளை’ என்ற பெயரில் அவரே ஒரு கணக்கு தொடங்கினார். கேள்விக்கு ரொம்ப யோசிக்கவில்லை. காதில் கிடந்ததையே எடுத்துப் போட்டார்: “பிரிண்டர் பேப்பரைக் கடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது. என்ன செய்யறது?”

உடனே அட்மினாக மாறி, “கண் இல்லையா? மேலே பின் பண்ணியிருப்பது அழகுக்கா?” என்று தன்னைத் தானே கிழித்தார். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

குழு பொங்கியது. “பாவம், புதுசுங்க.” “அட்மினுக்கு ஏன் இவ்வளவு திமிரு?”

‘ஊசிநூல்’ என்றொரு உறுப்பினர் ஆறுதலாக வந்தார். “அழாதே தம்பி. பிளக்கைப் பிடுங்கிட்டு, பின்பக்க மூடியைத் திறந்து போட்டோ போடு. காத்திருக்கோம்.”

பச்சைப்பிள்ளை பதுங்கினான்.

“போட்டோ வரலையே? போலிக் கணக்குக்கு இங்க இடமில்லைன்னு பின் பண்ணின பதிவுலயே இருக்கே” என்றார் ஊசிநூல்.

அதைக் கடைசிவரை படித்த முதல் ஜீவன்! அட்மினுக்குக் கண் கலங்கியது. பிறகுதான் வியர்த்தது. மாட்டினால் பதவி போய்விடும். பூனைபோல், பிரிண்டர் இருந்த தையல் அறைக்குள் நுழைந்தார். மனைவி மடியில் போனோடு உட்கார்ந்திருந்தாள்.

“என்னங்க இந்தப் பக்கம்?”

“சும்மாதான்.”

மூடியைத் திறந்தார். போட்டோ போட்டார். “கசங்கின பேப்பரை மெதுவா இழு. உருளையைத் துடை” என்றார் ஊசிநூல். செய்தார். “தூசி மறுபடி ஏறும் தம்பி. அப்படியே அறையையும் கூட்டிடு.” குழுவே கைதட்டியது. கூட்டினார், அதற்கும் போட்டோ.

பிளக்கை மாட்டியதும் பிரிண்டர் சமர்த்தாக ஒரு தாளைத் துப்பியது. மனைவி அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். போனை மடியிலிருந்து மேஜைக்கு மாற்றினாள்.

“உங்க பச்சைப்பிள்ளை நல்லா வேலை கத்துக்கறான். வாஷிங் மெஷின்ல தண்ணி இறங்கலைன்னு நாளைக்கு ஒரு கேள்வி கேக்கச் சொல்லுங்க.”