சூரை மீனோடு போன ஆல்பம்

ஆவணக் காப்பாளர் என்றால் வரலாற்றைக் காப்பவர் என்று நினைக்கிறார்கள். போர்ட் பிளேரில் பல மழைக்காலங்களைப் பார்த்துக் களைத்தவன் சொல்கிறேன்: நாங்கள் காப்பது காகிதத்தை. ஈரத்திடமிருந்தும் பூச்சியிடமிருந்தும். பெரும்பாலும் அவைதான் ஜெயிக்கின்றன.

பல்கலைக்கழகக் காப்பகத்தில் சேர்ந்த புதிதில் எனக்கு இது தெரியாது. மெயின்லேண்டில் பயிற்சி முடித்து, பருத்திக் கையுறைகளோடும் நிறைய விதிகளோடும் வந்திருந்தேன். குடியேறிய குடும்பங்களின் படங்களைத் திரட்டிக் கண்காட்சி வைப்பது முதல் பொறுப்பு. நடு அந்தமானில், ரங்கத் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை நடத்தும் மாரியம்மா அக்கா தன் அப்பாவின் ஆல்பத்தைக் கொடுத்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவர்கள் கொண்டுவந்ததில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

"அப்பா மொகம் இதுல மட்டுந்தான் இருக்கு சார். தொலைச்சிட்டு வந்து சாரி சொல்லாதீங்க."

"காப்பகத்துல எதுவும் தொலையாதுக்கா," என்றேன். (அந்த வயதில் அப்படித்தான் பேசுவேன்.)

ஆல்பம் முழுக்கக் காகிதம் அரிக்கும் ராமபாணப் பூச்சி. மருந்து அடிக்கக் கூடாது. பாலிதீனில் சுற்றி ஒரு வாரம் உறைய வைக்க வேண்டும் என்பது விதி. எங்கள் ஒரே ஃப்ரிட்ஜில் பதிவாளரின் மோர் இருந்தது. ஆகவே படகுத்துறை ஜெட்டி பக்கம் மீன் கோல்டு ஸ்டோரேஜ் வைத்திருந்த தூத்துக்குடி செல்வத்திடம் போனேன்.

"போட்டோவுக்கு எதுக்கு சார் ஐஸு?" என்றவர், பிறகு மனமிரங்கினார். "டென்ஷன் மத் லோ, கவலய விடுங்க. ஒரு ஓரமா கெடக்கட்டும்."

தெர்மோகோல் பெட்டி கொடுத்து, பெயர் எழுத மார்க்கரை நீட்டினார். மறுத்தேன். ஆவணத்தின் அருகே மை கூடாது, பென்சில் மட்டுமே. வெள்ளைப் பெட்டியின் மீது மெல்லிய பென்சிலால் காப்பக எண்ணை அழகாக எழுதினேன். செல்வம் மார்க்கரை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

பெட்டி திரும்பி வந்தபோது ஐஸ் பூத்திருந்தது. எழுத்து தெரியவில்லை, அழிந்திருக்கும் என்று நினைத்தேன். உறைந்த பொருளை ஒரு நாள் திறக்காமல் வைக்க வேண்டும் என்பது அடுத்த விதி. அப்படியானால் கண்காட்சித் திறப்பு விழா மேடையிலேயே திறக்கலாம் என்றார் துணைவேந்தர். மறுநாள் கூடத்தில் மீன் வாடை வீசியது. கோல்டு ஸ்டோரேஜில் இருந்த பெட்டி அப்படித்தான் இருக்கும் என்று வந்தவர்களுக்கெல்லாம் பொறுமையாக விளக்கினேன். வாசலில் ஒரு பூனையும் கேட்டுக்கொண்டிருந்தது.

முன் வரிசையில் மாரியம்மா அக்கா பட்டுச் சேலையில். கையுறை அணிந்து, விதிப்படி அடியில் இரு கைகளையும் கொடுத்துப் பொட்டலத்தைத் தூக்கினேன். பாலிதீனைப் பிரித்தேன். ஒரு சூரை மீன் துணைவேந்தரைப் பார்த்தது.

மாரியம்மா அக்கா எழுந்து வந்து உற்றுப் பார்த்தார்.

"இது எங்கப்பா இல்ல சார். அவரு இன்னும் கொஞ்சம் கறுப்பு."

அவர் சிரிக்கவில்லை. அதனால் யாரும் சிரிக்கவில்லை.

செல்வத்துக்குப் போன் செய்தேன். அவருடைய ஆட்கள் எழுத்தில்லாத பெட்டிகளில் ஒன்றை 'சாருக்கு' என்று ஒதுக்கிவிட்டு, மற்றவற்றில் மார்க்கரால் 'சென்னை' என்று எழுதி விமானத்தில் ஏற்றியிருந்தார்கள். "மெட்ராஸ் ஹோட்டல்காரரு ஏசுறாரு சார், மீன் கேட்டா ஆல்பம் அனுப்புறியான்னு. குப்பையில போட்டுறாதீங்கன்னு சொல்லிருக்கேன்."

"அப்பா வராம நான் ரங்கத் பஸ் ஏற மாட்டேன்," என்று மாரியம்மா அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பெட்டி திரும்பி வரும்வரை அலுவலக நேரம் முழுக்க அங்கேயே இருந்தார். நான் நின்றபடி வேலை பார்த்தேன். ஒவ்வொரு ஃபைலையும் நான் எடுக்கும்போது, "இதாவது இங்க இருக்கா?" என்று கேட்டார்.

ஆல்பம் வந்தது. பூச்சிகள் அத்தனையும் செத்திருந்தன. (இதை அறிக்கையில் தனிப் பத்தியாக எழுதினேன்.) படத்துக்குச் சேதமில்லை, வாடை மட்டும்தான். மாரியம்மா அக்கா தன் அப்பாவின் முகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார்.

"கப்பல்ல வந்து எறங்குனவரு. சாகுறவரைக்கும் ஒரு தடவ பிளேன்ல மெட்ராஸ் போகணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு." ஆல்பத்தை மூடினார். "போய்ட்டு வந்துட்டாரு. மீனோட."

இன்றும் குடும்பத்தோடு ரங்கத்தில் இறங்கினால், மாரியம்மா அக்கா டீ ஆற்றியபடியே கேட்பார்: "யாரையாச்சும் மெட்ராஸ் அனுப்பணுமா சார்?" வீட்டில் சூரை வாங்கினால் அதைக் கழுவும் பொறுப்பு எனக்குத்தான். "ஒங்க ஆவணம் வந்திருக்கு," என்பாள் மனைவி. சிங்க் ஓரத்தில் வெள்ளைக் கையுறை இருக்கும். பக்கத்திலேயே, கூராகச் சீவிய பென்சில்.