ஊசி பாயின் பதினெட்டாம் நாள் பந்தி

பிறப்பதற்கு மூன்று நாள் முன்பே விருந்து சாப்பிட்டவர்கள் திண்டுக்கல் ஜில்லாவில் யாராவது உண்டென்றால், அவர்களுக்குப் பரிமாறியவர் எங்கள் ஊசி பாயாகத்தான் இருக்க வேண்டும். சாப்பிட்டவர்கள் ஒரு வார்த்தை நன்றி சொன்னதில்லை. சொல்லவும் முடியாது. அவர்கள் அப்போது முட்டைக்குள் இருந்தார்கள்.

சில வருஷம் முன்பு வரை சித்தையன்கோட்டை போகிற வழியில் ஒரு கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் நான் சூப்பர்வைசர். முட்டைகளைப் பதினெட்டு நாள் ஒரு மெஷினில் சூட்டில் வைத்து, பிறகு இன்னொரு மெஷினுக்கு மாற்றினால், இருபத்தோராம் நாள் மஞ்சள் மஞ்சளாகக் குஞ்சுகள் கத்திக்கொண்டு நிற்கும். அங்கேதான் ஊசி பாய் வேலை பார்த்தார். அவருக்கு அழகான பெயர் ஒன்று இருந்தது. ஆனால் ஆதார் அட்டையை விட்டு அது வெளியே வந்ததேயில்லை.

அதற்கு முன்னால் பாய் கல்யாண வீடுகளில் பந்தி விசாரிக்கிறவர். பிரியாணி ஆக்குவது வேறு ஆள். எந்த இலையில் கறி குறைவு, எந்த இலையில் தால்ச்சா விழவில்லை, எந்த மூலையில் ஒருத்தர் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்பதுதான் பாயின் உத்தியோகம். முழங்கால் வலி வந்து இலைக்கு இலை குனிய முடியாமல் போகவே, உட்கார்ந்து பார்க்கிற வேலை கேட்டு எங்களிடம் வந்தார். நாங்கள் அவரை நிற்க வைத்து டிரே கழுவ விட்டோம்.

டிரே கழுவும்போதும் பழைய உத்தியோகம் போகவில்லை. எதிரில் யார் வந்தாலும் "சாப்டியா?" என்பார். பேச்சுக்குக் கேட்பதல்ல. "இல்லை" என்று சொல்லிவிட்டால் நம் கதை முடிந்தது. கரன்ட் கணக்கெடுக்க வந்தவர் ஒருநாள் தெரியாமல் சொல்லிவிட்டு, பாயின் டிபன் பாக்ஸ் முழுவதையும் தின்ற பிறகுதான் மீட்டரைப் பார்க்க முடிந்தது.

இப்படி இருக்கையில் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்த டாக்டரம்மா ஒருவர் எங்கள் பொரிப்பகத்துக்கு வர ஆரம்பித்தார். சின்ன வயது, நிதானமான பேச்சு. பதினெட்டாம் நாள் முட்டைக்குள் ஊசி போட்டு ஊட்டம் கொடுக்கலாம் என்று முதலாளியிடம் சொன்னார். மறுப்பதற்கு முதலாளி வாயைத் திறப்பதற்குள், டிரே கழுவுகிற இடத்திலிருந்து ஈரக்கையோடு பாய் வந்துவிட்டார்.

"டாக்டரம்மா, முட்டைக்குள்ள அதுக்கு வாய் இருக்குமா?"

"இருக்கும் பாய். குஞ்சைச் சுத்தி ஒரு தண்ணி இருக்கும். வெளிய வர்றதுக்கு முன்னாடி அதைக் குடிக்கும். நாம குடுக்குற ஊட்டத்தை அந்தத் தண்ணியிலதான் விடப்போறோம்."

"வெளிய வந்தப்புறம் தின்னுக்கிறாதா?"

"பொரிச்சு, பிரிச்சு, பெட்டியில அடுக்கி, வேன்ல ஏத்தி, பண்ணைக்குப் போய்த் தீனியைப் பாக்க சில நேரம் ஒருநாளுக்கு மேல ஆயிடும். அதுவரைக்கும் வயித்துல இருக்குற மஞ்சக்கருதான்."

பாயின் முகம் வாடிவிட்டது. இத்தனை நாள் நாங்கள் குஞ்சுகளைப் பட்டினியாக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம் என்று அவருக்குத் தெரியாது. என்னைப் பார்த்த பார்வை, எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்பது போல இருந்தது.

முதலாளியும் சரி, செய்து பாருங்கள் என்றுவிட, அன்றே பாய் ஊசி பாய் ஆனார். பழைய ஸ்டோர் ரூம் ஒன்றை ஒழித்துக் கொடுத்தோம். முட்டையின் அகன்ற பக்கத்தைத் துடைத்து, சின்னதாக ஒரு துளை போட்டு, மெல்லிய ஊசியை இறக்கி, அரை மில்லிக்கும் குறைவாக விட்டு, உருக்கிய மெழுகு ஒரு சொட்டு வைத்துத் துளையை அடைக்க வேண்டும். டாக்டரம்மா ஒருதரம்தான் காட்டினார். ஒரு சொட்டு தால்ச்சா வெள்ளை வேட்டியில் சிந்தாமல் முப்பது வருஷம் பரிமாறிய கை அது. ஒரு வாரத்தில் டாக்டரம்மாவை மிஞ்சிவிட்டது.

தொல்லையும் கூடவே வந்தது. வைட்டமினும் சர்க்கரையும் இன்னும் என்னென்னவோவும் கலந்த அந்தத் தண்ணீரை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்காமல் பாய் ஊசியைத் தொட மாட்டார்.

"உப்பு பத்தல டாக்டரம்மா."

"பாய், அது உங்களுக்கு இல்ல."

"எனக்கு இல்லதான். அதுக்கும் நாக்கு இருக்கும்ல. தொட்டுக்க வெஞ்சனம் ஒண்ணும் கெடையாது, வெறும் தண்ணி. அதையாச்சும் பாத்துக் கலக்க வேணாமா?"

ஆறிய தண்ணீரை முட்டைக்குள் விட்டால் குஞ்சுக்கு ஆகாது என்று டாக்டரம்மா சொல்லி வைத்திருந்தார். சூடு பார்க்கத் தெர்மாமீட்டர் இருந்தது. பாய் தெர்மாமீட்டரைப் பார்ப்பார், பிறகு பாட்டிலைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார், இரண்டும் ஒத்துப்போனால் தெர்மாமீட்டர் சரியாக இருப்பதாக ஒப்புக்கொள்வார்.

ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு பிஸ்மில்லா உண்டு. தட்டுக்கு நூற்றைம்பது முட்டை. பக்கத்தில் நின்று நின்று எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் பைக்கை உதைக்கும்போது "பிஸ்மில்லா" என்று விட்டேன். பின்னால் என் மனைவி அர்ச்சனைக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் பழனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம்.

நோன்பு மாசத்தில் பாய் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நாள் முழுக்க முட்டைகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். ருசி பார்க்கிற வேலையை அந்த மாசம் மட்டும் என் தலையில் கட்டிவிட்டார். நான் நக்கிப் பார்த்து "உப்பு சரியா இருக்கு பாய்" என்று சொல்ல வேண்டும். எனக்கு ஒரு ருசியும் தெரிந்ததில்லை. டாக்டரம்மா பார்க்காதபோது சொல்லிவிடுவேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனதும் முதலாளி கேட்டுவிட்டார். "இதுனால பலன் உண்டா இல்லையா? எனக்குக் கண்ணுல காட்டுங்க. இல்லேன்னா அந்த ரூம்ல அட்டைப்பெட்டி அடுக்கலாம், பாய் பழையபடி டிரே கழுவட்டும்."

டாக்டரம்மா ஒரு சோதனை வைத்தார். ஒரே பண்ணை முட்டை, இரண்டு தட்டு. சிவப்பு அட்டை கட்டிய தட்டுக்கு ஊட்டம் உண்டு. நீல அட்டைத் தட்டுக்குக் கிடையாது. இருபத்தோராம் நாள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது.

பாய் சிவப்புத் தட்டை முடித்தார். டாக்டரம்மாவும் நானும் டீ குடிக்கப் போனோம். வழியில் முதலாளி பிடித்துக்கொண்டதால் டீ முக்கால் மணி நேரம் ஆனது. திரும்பி வந்தால், இரண்டு தட்டையும் பாயே பொரிக்கிற மெஷினில் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு, கை கழுவிக்கொண்டிருந்தார். முழங்கால்வலிக்காரரிடம் அப்படி ஒரு சுறுசுறுப்பை நான் பார்த்ததேயில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இருபத்தோராம் நாள் கதவைத் திறந்தோம். சிவப்புத் தட்டில் குஞ்சுகள் ஜோராக நின்றன. நீலத் தட்டிலும் ஜோராக நின்றன. எடை போட்டோம். எண்ணினோம். அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. டாக்டரம்மா மறுபடி எண்ணினார். குரல் இறங்கிவிட்டது. "வித்தியாசம் இல்ல சார்."

முதலாளி கோபப்படக்கூட இல்லை. "ரெண்டும் ஒண்ணுதானே? அப்ப ஊசி எதுக்கு? நாளைக்கு அட்டைப்பெட்டியை உள்ள எடுத்து வைங்க."

நான் சும்மா நீலத் தட்டிலிருந்து ஒரு முட்டை ஓட்டை எடுத்துப் பார்த்தேன். அகன்ற பக்கத்தில் ஒரு சொட்டு மெழுகு. இன்னொன்றை எடுத்தேன். அதிலும் மெழுகு. பாயைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி ஓடவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பாயின் வேலை போய்விடும். திறக்காவிட்டால் ஊசி ரூம் போய்விடும். ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். முதலாளி வாசல் வரைக்கும் போய்விட்டார். அப்போது பாயே கூப்பிட்டார்.

"மொதலாளி, செத்த நேரம் நில்லுங்க. நீல அட்டைக்கும் நான்தான் பரிமாறுனேன்."

டாக்டரம்மா கவிழ்த்து வைத்திருந்த டிரே மேல் உட்கார்ந்துவிட்டார். "பாய்! அதுக்குக் குடுக்கக் கூடாதுன்னு நான் எத்தனை தடவை சொன்னேன்?"

"சொன்னீக. ஒரு பந்தி திங்கிது, பக்கத்துப் பந்தி வேடிக்கை பாக்குது. அம்புட்டுப் பேரையும் பாக்க வச்சுட்டு நான் எப்பிடிம்மா ஊசியக் கழுவி வைக்கிறது? கை வரல. எனக்கு வேலை வேணாம்னா சொல்லிருங்க, நான் போறேன். ஆனா ரூமை மூடிறாதீக. வரப்போற குஞ்சுக என்ன பாவம் பண்ணுச்சு?"

முதலாளி வாசலிலிருந்து திரும்பி வந்து ஒரு நீலத் தட்டு ஓட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இன்னொரு தடவை பாருங்க. இந்தத் தடவை சாவி சூப்பர்வைசர் கையில. மறுபடி இப்படி நடந்தா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிறலாம்."

அடுத்த சோதனையில் பாய் சிவப்புத் தட்டை மட்டும் முடித்தார். நீலத் தட்டை நானே தூக்கிக்கொண்டு போய் மெஷினில் வைத்தேன், அறையைப் பூட்டினேன், சாவியைச் சட்டைப் பையில் போட்டேன். பாய் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். மதியம் பார்த்தால், பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். டிபன் பாக்ஸ் திறக்காமல் பக்கத்தில் இருந்தது.

"சாப்பிடலையா பாய்?"

"உள்ள ஒரு பந்தியே பட்டினி கெடக்கு. நான் எப்பிடி அப்பு திங்கிறது?"

"அதுகளுக்கு மஞ்சக்கரு இருக்கு பாய். அது போதும்."

"போதும்னு நீ சொல்றே. பந்தியில உக்காந்தவன்ல சொல்லணும்."

என் டிபன் பாக்ஸில் அன்று எலுமிச்சம்பழச் சோறு. இரண்டு வாய் தின்றேன். மூன்றாவது வாய் இறங்கவில்லை. சாவி வேறு நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. சாயங்காலம் அப்படியே திரும்பி வந்த சோற்றுக்காக மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இருபத்தோராம் நாள் மறுபடி கதவைத் திறந்தோம். நீலத் தட்டுக் குஞ்சுகள் வழக்கம்போலத் தள்ளாடிக்கொண்டிருந்தன. சிவப்புத் தட்டுக் குஞ்சுகள் காலை ஊன்றி நின்று எங்களை அதட்டின. எடையும் கூடுதல். முதலாளி ஒரு குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ரூம் இருக்கட்டும்" என்றார். டாக்டரம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன். "பாய் எங்கே? பாயைக் கூப்பிடுங்க" என்றார்.

குஞ்சுகளைப் பெட்டியில் அடுக்கி வேன் கிளம்பிய பிறகும் பாயைக் காணோம். கழுவுகிற இடத்தில் இல்லை, ஊசி ரூமில் இல்லை. போனையும் எடுக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் பழனிப் பக்கம் கீரனூரிலிருந்து ஒரு பண்ணைக்காரர் கூப்பிட்டார். நீலத் தட்டுக் குஞ்சுகள் அவர் பண்ணைக்குத்தான் போயிருந்தன.

"ஏனுங்க, குஞ்சு வேன்ல உங்க ஆளு ஒருத்தரு வந்திருக்காருங்க. வெல்லம் கையோட கொண்டாந்து தண்ணில கரைச்சு, ஒவ்வொரு குஞ்சு வாயா முக்கிக் குடிக்க வெச்சிட்டிருக்காருங்க. நாங்க பாத்துக்கறோம்னாலும் உட மாட்டேங்கறாரு. என்னங்க பண்றது?"

"அவரு காலைல இருந்து சாப்பிட்டிருக்க மாட்டாருங்க. ஒரு வாய் சோறு போடுங்க. ஆனா போடுறதுக்கு முன்னாடி, நீங்க சாப்பிட்டீங்களான்னு கேப்பாரு."

"அது வேனை உட்டு இறங்கறப்பவே கேட்டுட்டாருங்க."

இப்போது நான் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் இருக்கிறேன். அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. மெஷின் சத்தத்தில் கேட்டாலும் காதில் விழாது. பாய் மட்டும் ஒவ்வொரு பதினெட்டாம் நாளும் ஊசியைக் கழுவி வைத்துவிட்டுப் போன் பண்ணுகிறார். சோதனையெல்லாம் முடிந்துவிட்டதால் இப்போது எல்லாத் தட்டுக்கும் பந்தி உண்டாம்.

"அப்பு, இன்னைக்கு ஒருத்தரும் பட்டினி இல்ல. நீ சாப்டியா?"

இல்லை என்று சொன்னால் அடுத்த பஸ்ஸில் டிபன் பாக்ஸோடு வந்து இறங்கிவிடுவார், முழங்கால் வேறு முன்பு மாதிரி இல்லை. அதனால் சாப்பிடாத நாளிலும் "சாப்பிட்டேன் பாய்" என்று பொய்தான் சொல்கிறேன். போனை வைத்ததும், அவரிடம் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று எழுந்து போய்ச் சாப்பிட்டுவிடுகிறேன்.