மச்சி, ஒரே ஒரு தடவை

திருவண்ணாமலையில் போதைப்பொருள் விற்றதாகப் பிடிபட்ட ஒரே அறிவியல் வாத்தியார் எங்கள் 'வேணாம் சார்'தான்.

மற்றவர்களுக்கு உறுதிமொழியோடும் பேரணியோடும் போதை ஒழிப்பு முடிந்துவிடும். இவருக்குப் போதாது. "உறுதிமொழி வாயோட போயிடும் டீச்சர். பழகணும்" என்பார். கறுப்புக் கண்ணாடி மாட்டி, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பிள்ளைகளைக் கிரிவலப் பாதையில், நூலகத்தில், ஒருமுறை பல் டாக்டர் வாசலிலேயே மறித்தார். கல்கண்டுப் பொட்டலத்தை நீட்டி, "மச்சி, ஒரே ஒரு தடவை!" என்பார். "வேணாம்!" என்று கத்திவிட்டு நடக்க வேண்டும். தயங்கினால் மறுநாளும் மறிப்பார்.

ஆசிரியர் அறையில் எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். ஆனால் என் மகனும் அதே பள்ளியில்தான் ஒன்பதாம் வகுப்பு. தினமும் அவன் சட்டையை ஊறவைக்கும் முன் மோந்து பார்ப்பவள் நான்.

ஒருநாள் பேருந்து நிலையத்தில் ஆட்டோக்காரர்கள் சாரைக் கையும் பொட்டலமுமாக அமுக்கி, காவல் நிலையத்தில் ஒப்படைத்தார்கள். தலைமையாசிரியர் என்னை அனுப்பினார். போனால், பொட்டலம் வாங்க மறுத்த மாணவன் கெஞ்சிக்கொண்டிருக்கிறான்.

"உட்டுடுங்க சார், இது எங்க ஹோம்வொர்க்!"

இன்ஸ்பெக்டர் ஒரு கல்கண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "கண்ணாடிய கழட்டிட்டு போங்க வாத்தியாரே" என்றார்.

அடுத்த வாரம் என் மகன் சாப்பாட்டைத் தொடவில்லை.

"கதிர் ஒரு பொட்டலம் குடுத்தாம்மா. நிஜமானது."

கரண்டியை வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "வேணாம்னு சொன்னியா?"

"வாய் வரலம்மா. அவன் என் பிரண்டு. அழுதுகினே குடுத்தான். வாங்கி பையில வச்சிகினேன். அப்புறம் சார்கிட்ட குடுத்துட்டேன். அவரே கதிர் வீட்டுக்குப் போய் அவங்க அப்பாகிட்ட பேசி, அவன ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போயிருக்காரு."

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"நீ பயந்துடுவ."

மறுநாள் ஒன்பதாம் வகுப்பு வாசலில் நின்று கேட்டேன். சார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நடிப்பு எதுவும் இல்லை.

"நான் சொல்லிக் குடுத்தது தப்புடா. யாரோ ஒரு ரவுடி வந்து குடுப்பான்னு நெனச்சிட்டேன். உயிர் சிநேகிதன் நீட்டினா எப்படிடா வேணாம்னு சொல்றது? எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

கடைசி பெஞ்சில் ஒருவன் கை தூக்கினான். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள்; மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

என் பயம் இன்றும் கம்மியாகவில்லை. பெற்றவளிடம் சொல்லத் தயங்கியதை என் பிள்ளை அந்தக் கிறுக்கு மனுஷனிடம் சொன்னானே என்று பொறாமையாகக்கூட இருக்கிறது. ஆனாலும் கோயிலுக்குப் போனால், மகனுக்கு முன்னால் அவருக்குத்தான் வேண்டிக்கொள்கிறேன்.