திரும்பி வந்த மின்னஞ்சல் பரணி

கேபிள் சூழ் சிற்றறையின் வேந்தே, வாழ்க! மின்விசிறியின் இரைச்சலே முரசாக, முறுக்கிய வயர்களே மாலையாக வீற்றிருப்பவனே! ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ எனும் ஒற்றை மந்திரத்தால் ஒரு மாடியையே உய்வித்தவனே! சர்வர் அண்ணன் என்று அலுவலகம் அன்போடும், காரியம் ஆகவேண்டிய வேளையில் கூடுதல் அன்போடும் அழைக்கும் பெருந்தகையே! உன் புகழ் பாடப் புகுந்தோம். பிழையிருந்தால் பொறுத்தருள்க, பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிடாதே.

அத்திங்கட்கிழமை உச்சிப்பொழுதில், கணக்குப் பிரிவு அக்கா அவ்வறை வாயிலில் கண்கலங்க நின்றாள். கணவனும் மகளும் ஓரூரில், தான் ஓரூரில் என்று இரண்டாண்டு கழித்தவளுக்கு, அவர்கள் ஊருக்கே மாற்றல் வந்திருந்தது. மாலை ஐந்துக்குள் ‘சம்மதம்’ என்று தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அவளோ காலையிலிருந்து அனுப்புகிறாள். அதுவோ சுவரில் எறிந்த பந்தாகத் திரும்புகிறது.

“அண்ணே, மறுபடியும் வந்துருச்சுண்ணே. வர்றியா இல்லையான்னு எம்பொண்ணு கேட்டுட்டே இருக்கா.”

“நீ போய் உக்காரும்மா. நானாச்சு!” என்று சூளுரைத்தான் அண்ணன்.

திரும்பி வந்த மடலின் தலைப்பை மட்டும் நோக்கினான். ‘சேரவில்லை’ என்றிருந்தது. வீரனுக்கு அந்த ஒரு சொல் போதாதா? ‘எரர் வந்தா முழுசாப் படிக்க மாட்டீங்களா?’ என்று பிறரை நித்தமும் கடிந்தவன், தான் படிப்பது தகுதிக்குக் குறைவென எண்ணிப் போர்க்கோலம் பூண்டான். முகவரியை ஐயுற்று எழுத்தெழுத்தாய்ச் சோதித்து, பகைவர் நம்மைக் குப்பை அஞ்சல் பட்டியலில் சேர்த்தனரோ எனச் சினந்து, பாதுகாப்பு அரண்களை ஒவ்வொன்றாய்த் தளர்த்தி, குற்றமற்ற வயர்களைப் பிடுங்கிச் செருகி, ஈற்றில் சர்வரையே அணைத்து எழுப்பினான். மாடியெங்கும் ‘ஐயோ, சேவ் பண்ணலையே!’ எனும் ஓலம் எழுந்தது. மடல் மட்டும் மீண்டும் திரும்பி வந்தது.

மணி நான்கைத் தாண்டியது. மனமுடைந்த மாவீரன் மேசையில் சாய்ந்தான். முழங்கை பட்டு மவுஸின் உருளை சுழல, திரை கீழே நகர, கடைசி வரி வெளிப்பட்டது: ‘பெறுநரின் பெட்டி நிரம்பிவிட்டது.’

வெகுண்டெழுந்து தலைமை அலுவலகத்துச் சர்வர்காரரைத் தொலைபேசியில் அறைகூவினான். “உங்க பொட்டி ரொம்பிக் கிடக்குய்யா! பாக்க மாட்டீங்களா?”

“ரொப்புனதே நீங்கதான் சார்.”

உண்மை அதுவே. ‘தங்கள் மடல் கிடைத்தது, நன்றி’ என்று வரும் மடலுக்கெல்லாம் தானே பதிலிறுக்கும் பொறியொன்றை வெள்ளியன்று தன் கையாலேயே வடித்து நிறுவியிருந்தான் அண்ணன். அங்கிருந்தவரும் சளைத்தவரல்லர், அவரிடமும் அத்தகையதொரு பொறி இருந்தது. இவன் நன்றிக்கு அது நன்றி கூற, அந்த நன்றிக்கு இது நன்றி கூற, ஆளில்லா அலுவலகங்கள் இரண்டும் சனி ஞாயிறு முழுக்க மரியாதை மாரி பொழிந்து, அப்பெட்டியை மூச்சுமுட்ட அடைத்திருந்தன. பண்பால் ஒரு பெட்டி பாழான கதையை இவ்வுலகம் அதற்குமுன் கேட்டதில்லை.

இருவரும் ஒருவரையொருவர் குறை கூறியபடியே பொறிகளை நிறுத்தினர். அவர் நன்றிக் குவியலை அள்ளிக் கொட்டினார். அக்கா ‘அனுப்பு’ என்பதை அழுத்தினாள். கிடைத்தது என்று சொல்லும் பொறிதான் ஓய்ந்துவிட்டதே! போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்று மாடியே மூச்சடக்கி நின்றது. தொலைபேசி மணி முழங்கிற்று. அண்ணன் வெற்றிச்சங்கை ஏந்துவான்போல் அதை எடுத்தான்.

“வந்துருச்சு சார். ஒண்ணாம் தேதி சேந்துக்கச் சொல்லுங்க.”

அக்கா மகளுக்கு போன் போட்டு, “அம்மா வர்றேன், அப்பாவ வீட்டப் பெருக்கி வைக்கச் சொல்லு” என்றாள்.