வயிற்றை உள்ளிழுத்த நோயாளி

பரவாயில்லைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பல் பிடுங்குகிறவர் “வலிக்குதா?” என்று கேட்டால், வாயில் இடுக்கியும் கண்ணில் நீருமாக, இல்லை என்று தலையாட்டுகிறவர். ஆனால் இந்த இனத்தின் முழு அழகையும் காண மனநல மருத்துவரின் அறைக்குத்தான் போக வேண்டும்.

நம் தையல்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறார், கேட்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்தால் எடுத்தபடியே உட்கார்ந்திருக்கிறார். வெட்டிய துணி தைக்கப்படாமலும், தைத்தது பொத்தானுக்குக் காஜா எடுக்கப்படாமலும் மேசைமேல் மலையாகிறது. யாராவது படியேறும் சத்தம் கேட்டால் திரைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறார். ஆனால் டாக்டரைப் பார்க்கும் நாள் வந்துவிட்டால் போதும். முகம் மழித்து, இருப்பதிலேயே நல்ல சட்டையை நீராவி பறக்கத் தேய்த்துப் போட்டு, அது கசங்கிவிடக் கூடாதென்று காலியான பேருந்திலும் நின்றுகொண்டே போகிறார்.

“எப்படி இருக்கீங்க?”

“பரவாயில்லை டாக்டர்.”

“தூக்கம்?”

“பரவாயில்லை.”

“வேலை?”

“அது பாட்டுக்கு ஓடுது.”

டாக்டரம்மா என்ன செய்வார்? அதே மாத்திரையை எழுதினார். ஒவ்வொரு முறையும்.

ஏன் இப்படி? டாக்டரம்மா பாவமாம். அவ்வளவு அக்கறையாகக் கொடுத்த மருந்து வேலை செய்யவில்லை என்று முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? மாத்திரையின் மானம் முக்கியம். ஆள் எக்கேடு கெட்டால் என்ன? அடியில் இன்னொரு பயமும் கிடந்தது. இது கேட்காமல், அடுத்ததும் கேட்காமல் போனால், கோளாறு மாத்திரையில் இல்லை, தன்னிடம்தான் என்றாகிவிடுமே.

வேடிக்கை என்னவென்றால், கடையில் இந்த இனத்துக்கு இவர்தான் எமன். அளவு பார்க்கப் புதுக் கோட்டு மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன் வயிற்றை எக்கி நின்று “சரியா இருக்கு” என்கிறவர்களை இவர் விட்டதே இல்லை. “மூச்சை விடுங்க சார். மூச்சுப் பிடிச்சு நிக்கிற ஆளுக்கா நான் தைக்கிறேன்? உட்காருங்க. கையைத் தூக்குங்க. எங்க பிடிக்குது?” பக்கத்தில் காஜா எடுத்தபடி இதை வருஷக்கணக்காகக் கேட்டவர் அவருடைய மனைவி.

இந்தத் தடவை அந்த அம்மாளும் கூடவே வந்தார். முதல் “பரவாயில்லை” வெளியே வந்ததும் சொன்னார்:

“மூச்சை விடுங்க.”

“என்னது?”

“வயித்தை எக்கிக்கிட்டு நிக்கிறீங்க. மூச்சை விட்டுட்டு, எங்க பிடிக்குதுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க.”

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தையல்காரருக்குப் புரிந்துவிட்டது. தேய்த்த சட்டைக்குள் தோள்கள் மெல்ல இறங்கின.

“கத்தரிக்கோலைப் பிடிச்சா கை ஓட மாட்டேங்குது டாக்டர். காலையில முழிச்சா, ஏன்டா முழிச்சோம்னு இருக்கு. மாத்திரை கேக்கவே இல்ல. கோவிச்சுக்காதீங்க.”

“அது என்ன எனக்குச் சொந்தமா பந்தமா, நான் கோவிச்சுக்க? ஒருத்தருக்குக் கேக்கறது இன்னொருத்தருக்குக் கேக்காது. இதை மெல்லக் குறைச்சு, வேற ஒண்ணு ஆரம்பிக்கலாம். நீங்களா எதையும் நிறுத்திடக் கூடாது.”

“அதுவும் கேக்கலைன்னா?”

“வந்து சொல்லுங்க. வேற வழி பாப்போம்.”

“பிரிச்சுத் தைக்கிற மாதிரி,” என்றார் மனைவி. “கோட்டு பிடிச்சா உடம்பையா குத்தம் சொல்லுவீங்க?”

தையல்காரர் கைக்குட்டையைத் தேடினார்.

புது மாத்திரை கேட்குமா? இப்போதே யார் சொல்ல முடியும்? திரும்பும் பேருந்தில் அவர் உட்கார்ந்தார். சட்டை நன்றாகக் கசங்கியது.

அது இருக்கட்டும். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

அவசரப்படாதீர்கள். முதலில் மூச்சை விடுங்கள்.